கார்பைடு டாப்பும் தீவுத் தொழிற்கூடமும்

கருவி எவ்வளவு கடினமானதோ அவ்வளவு சிறந்தது என்னும் எண்ணம் யந்திரத் தொழிலில் ஈடுபட்டோர் பலரிடம் வேரூன்றியுள்ளது. கடைசல் வேலையில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. துளையினுள் மரை வெட்டும் வேலையிலோ இதுவே பெருநஷ்டத்திற்கு வழிகாட்டக்கூடும். பழுதுபார்த்தலையே முக்கியத் தொழிலாகக் கொண்ட தீவுக் கூடங்களை நோக்கினால் இவ்வுண்மை நன்கு புலப்படும்.

தென் அந்தமானில், 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என்று வழங்கப்பெற்ற ஸ்ரீ விஜய புரத்தை அடுத்துள்ளது கராச்சர்மா. 1978ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இங்குதான் இருக்கிறது. ஆண்டில் ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இப்பகுதியில் உழுபொறி, பம்பு, படகு எஞ்சின் ஆகிய யாவும் உப்புக் காற்றில் இயங்க வேண்டியவை. அலுமினிய உறையில் எஃகு மரையாணி பொருந்தியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் மின்வேதி அரிப்பு உண்டாகும். ஆணி இறுகிவிடும், பலவந்தமாகத் திருகினால் மரையும் உடன் பெயர்ந்து வரும். துளையைப் பெரிதாக்கிப் புதிதாக உள்மரை வெட்டுவதே அப்போது பரிகாரம். அதற்குரிய கருவியே தொழிற்கூடங்களில் ‘டாப்’ எனப்படுவது.

பொதுவாக டாப்புகள் உயர்வேக எஃகினால் ஆனவை. கார்பைடு டாப்போ, டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டுடன் கலந்து அழுத்தி, சூடேற்றி இறுகச் செய்த பொருளால் ஆனது. 1920களில் ஜெர்மனியில் உருவான இப்பொருளைக் குருப் நிறுவனம் ‘விடியா’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. ‘வைரம் போன்றது’ என்னும் பொருளுடைய ஜெர்மன் தொடரின் சுருக்கமே அப்பெயர். உயர்வேக எஃகு சுமார் 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கடினத்தை இழக்கத் தொடங்கும். கார்பைடு 800 டிகிரியிலும் வெட்டவல்லது. எஃகைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பும் அதற்கு உண்டு. எனினும் அது நொறுங்கும் தன்மையது. அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுப்பையும் முறுக்கையும் திடீர் அதிர்ச்சியையும் தாங்காது.

மரை வெட்டுதலில் இம்மூன்றும் ஒருங்கே நேர்கின்றன. 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் புரியிடைத் தூரமும் உள்ள டாப், ஒரு சுற்றுக்குச் சரியாக 1.5 மில்லிமீட்டர் முன்னேற வேண்டும். யந்திரத்தின் சுழற்சியும் முன்னேற்றமும் சிறிது பிசகினாலும், அப்பிசகு முழுவதும் டாப்பின் பற்களையே தாக்கும். அடியைச் சென்றடைந்தபின் டாப் நின்று, எதிர்த்திசையில் சுழன்று வெளிவர வேண்டும். அவ்வேளையில் பல்லின் பின்புறத்தில் சிக்கும் சீவல் வெட்டுமுனையைப் பெயர்த்துவிடலாம். கையினால் திருகும்போது பக்கவாட்டுச் சாய்வையும் முற்றிலும் தவிர்க்க இயலாது. எஃகு டாப் சற்று முறுகி, கைக்கு எச்சரிக்கை தரும். கார்பைடு டாப் எச்சரிக்கை ஏதுமின்றி முறியும்.

அப்படியாயின் கார்பைடு டாப் பயனற்றதா? அன்று. சாம்பல் வார்ப்பிரும்பும், சிலிக்கன் மிகுந்த அலுமினிய வார்ப்பும் எஃகு டாப்பை விரைவில் தேய்ப்பவை. வார்ப்பிரும்பின் சீவல் பொடியாக உதிர்வதால் சிக்குவதும் குறைவு. சுழற்சியும் முன்னேற்றமும் பிசகாது இணைந்தியங்கும் கணினிக் கட்டுப்பாட்டு யந்திரத்தில், ஒரே விதமான துளைகளை ஆயிரக்கணக்கில் வெட்டும் ஆலைக்கு அது தக்க சாதனம். உயர்வேக எஃகு டாப் வார்ப்பிரும்பில் நிமிடத்திற்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் வெட்டும் எனக் கொண்டால், கார்பைடு டாப்பை அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் இயக்கலாம். கோயம்புத்தூரின் பம்பு ஆலைகளிலும் சென்னையைச் சூழ்ந்த மோட்டார் வாகன ஆலைகளிலும் இவ்வேகத்தின் மதிப்புப் பெரிது. நாளொன்றுக்கு நான்கைந்து துளைகளைச் செப்பனிடும் கூடத்திற்கு அதனால் விளையும் ஆதாயம் என்ன?

இழப்போ பெரிது. எஞ்சின் உடலினுள் முறிந்த கார்பைடு டாப்பைச் சாதாரணத் துரப்பணத்தால் துளைத்தெடுக்க முடியாது. மின்பொறி அரிப்பு யந்திரம் வேண்டும். அல்லது, சுற்றியுள்ள மரை கெடாதவாறு துண்டு துண்டாக நொறுக்கி எடுக்க வேண்டும். இரண்டும் இயலாவிடில் புதிய எஞ்சின் உடலே தேவைப்படும். கடல் வழியே சுமார் 1,370 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையிலிருந்து கப்பல் வந்துசேரவே ஏறக்குறைய மூன்று நாட்களாகும். நடவுக் காலத்தில் உழுபொறி அவ்வாறு நின்றுவிடின், நஷ்டம் டாப்பின் விலையோடு முடிவதில்லை.

தீவினருக்கு நவீன கருவிகள் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கடைசல் யந்திரத்தில் கார்பைடு முனைகளை அவர்கள் தாராளமாக உபயோகிக்கலாம். கணினிக் கட்டுப்பாட்டு யந்திரம் கிடைக்குமிடத்து, கார்பைடு மரைச் சுழல்வெட்டியைக் கையாளலாம். அது துளையைவிடச் சிறியதாகையால், முறிந்தாலும் பெரும்பாலும் எளிதில் வெளியே எடுத்துவிடலாம். ஆனால் கைப்பிடியும் எளிய துரப்பண யந்திரமும் மட்டுமே உள்ள கூடத்திற்கு, நல்ல தரமான உயர்வேக எஃகு டாப்பே நவீன கருவி. துளையின் அளவைச் செவ்வனே தேர்ந்து, தக்க எண்ணெய் இட்டு வெட்டினால் அதுவே நெடுநாள் உழைக்கும். மேற்கூறிய 10 மில்லிமீட்டர் மரைக்கு வழக்கமான துளை 8.5 மில்லிமீட்டர். இவ்வளவைவிடச் சிறிய துளையில் டாப்பைச் செலுத்துவது முறிவை வலிய அழைப்பதாகும்.

ஆகவே கருவிகள் கொள்முதல் செய்வோரும், தொழிற்பயிற்சி அளிப்போரும், கருவியின் கடினத்தையும் விலையையும் மட்டும் கொண்டு அதன் தகுதியை மதிப்பிடலாகாது. அதைப் பிடித்துச் செலுத்தும் யந்திரம் எத்தகையது, வேலை எத்தனை, முறிந்தால் மீட்க வழியுண்டா என்னும் மூன்று கேள்விகளை முதலில் கேட்பது நலம். கராச்சர்மாவில் பட்டறை நடத்துபவர் கார்பைடு டாப்பை வாங்காதிருப்பதைப் பின்தங்கிய நிலையின் அடையாளமாகக் கருதவேண்டியதில்லை. பல சமயங்களில் அது தொழிலறிவின் அடையாளமேயாகும்.