திருடப்பட்ட காரின் விலை என்ன?



நாம் வாழும் கலிபோர்னியாவில், பிறர் காரை எடுத்துச் சென்றவரின் வழக்கைக் கவுண்டி நீதிமன்றம் விசாரிக்கிறது. வாகனச் சட்டத்தின் 10851-ஆம் பிரிவு அதைச் சிறுகுற்றமாகவோ பெருங்குற்றமாகவோ நடத்த இடமளிக்கிறது. திருடிய வாகனத்தின் மதிப்பு 950 டாலரைத் தாண்டாவிட்டால் அது பொதுவாகச் சிறுகுற்றமே என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

தண்டனை குறைவதை நான் குறைகூறவில்லை. ஆனால் 950 டாலர்கூடப் பெறாத காரை வைத்திருப்பவர் யார்? அதிகாலையில் அதிலேயே வேலைக்குச் செல்லும் ஏழை அல்லவா? சந்தையில் அற்பமான அந்த வாகனமே அவருடைய பிழைப்பு.

யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். திருடிய ஆட்டைக் கொன்றாலோ விற்றாலோ நான்கு மடங்கு ஈடு. மாட்டுக்கோ ஐந்து மடங்கு. மாடு உழுகிற மிருகம். அதை இழந்தவன் தன் வேலையையும் இழக்கிறான். இவ்வேறுபாட்டின் காரணம் அதுவே என்று எண்ணுகிறேன். அந்த ஈடும் அரசனுக்கல்ல, இழந்தவனுக்கே உரியது.

கலிபோர்னியாவின் அரசியலமைப்பும் குற்றவாளி இழப்பீடு தரவேண்டும் என்கிறது. ஆயினும் சிறையில் இருப்பவன் எதைச் சம்பாதித்துக் கொடுப்பான்? உழைத்து ஈடுசெய்ய வழிதிறக்கும் தீர்ப்பே இருவருக்கும் நன்மையானது. சகேயுவின் மனந்திரும்புதலும் திருப்பிக் கொடுப்பதிலேயே வெளிப்பட்டது.

ஆகவே, "எத்தனை மாதம் சிறை?" என்று மட்டும் கேளாமல், "இழந்தவருக்கு என்ன கிடைத்தது?" என்றும் கேளுங்கள். காரை இழந்த அயலார் ஒருவர் இருந்தால், நாளைக் காலை அவரை வேலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.