டீ இல்லாததை டீ என்று ஏன் விற்கிறோம்?

இப்போது எந்த இயற்கை அங்காடிக்குப் போனாலும் ஆவாரம்பூ டீ, துளசி டீ, முருங்கை டீ என்று பொட்டலங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் உழவர்கள் விளைந்ததை மதிப்புக்கூட்டி விற்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்த 'டீ' நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

டீ என்றால் ஒரே ஒரு செடிதான், கேமெல்லியா சைனென்சிஸ். நீலகிரியிலும் வால்பாறையிலும் விளைவது அதுதான். க்ரீன் டீக்கு வேறு செடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லீங்க. பறித்த இலையை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டால் இலையில் இருக்கிற நொதிகளே அதைக் கறுக்க வைக்கும். கறுக்கும் முன்பே சூடு காட்டி நொதியை நிறுத்திவிட்டால் அது பச்சைத் தேயிலை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் இந்தச் செடியில் இருந்து வருவதைத்தான் தேயிலை என்கின்றன. அப்படியானால் 'துளசி டீ' பொட்டலத்தில் இருப்பது வெறும் துளசியா, தேயிலையோடு கலந்த துளசியா? காஃபின் வேண்டாம் என்று தேடி வருகிற கர்ப்பிணிக்கும், தூக்கம் வராத பெரியவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

வீட்டில் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சுக்கு காபியில் காபித்தூளைத் தேடி யாரும் சண்டைக்கு வருவதில்லை. அச்சடித்து விலை போடும்போதுதான் சொல்லுக்குப் பொறுப்பு வருகிறது.

செய்முறையும் வேறு. துளசி, புதினா, எலுமிச்சைப்புல் இவற்றின் மணம் ஆவியாகிப் போகிற எண்ணெயில் இருக்கிறது. டீக்கடை பாய்லர் மாதிரி கொதிக்க விட்டால் மணம் தெருவுக்குப் போகும், டம்ளரில் இருக்காது. கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, மூடி, 5 முதல் 10 நிமிடம் ஊற விட்டால் போதும். சுக்கு, பட்டை, அதிமதுரம் மாதிரி கெட்டியான சரக்குகள்தான் கொதிக்கணும், அது கஷாயம். எல்லாவற்றுக்கும் 'டீ' என்று போட்டால் வாங்குகிறவர் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைத்துவிட்டு, "ஒண்ணும் ருசியே இல்லையே" என்பார். பழி நம் துளசி மேல் விழும்.

செம்பருத்தி டீ கதை இன்னும் வேடிக்கை. உலகச் சந்தையில் அந்தப் பெயரில் புளிப்பாக, சிவப்பாக விற்பது பெரும்பாலும் நம் வேலியோரச் செம்பருத்திப் பூ இல்லை. புளிச்சக்கீரை வகையின் சிவந்த புல்லிவட்டம். பெயரை நம்பி விதை வாங்குகிறவர் இதைத் தெரிந்து வாங்கணும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தேயிலையைப் பறித்தபின் யாரும் கழுவுவதில்லை. அப்படியே ஆலைக்குப் போகிறது. அதன் மேல் வெந்நீர் படுவது நம் டம்ளரில்தான். இலை மேல் என்ன தெளித்தார்களோ, அதில் ஒரு பங்கு நேராக வாய்க்கு வருகிறது. மூலிகைக்கும் இதே கணக்குதான். பருத்திக்காட்டு வரப்பில் பறித்த ஆவாரம்பூ பக்கத்துக் காட்டு மருந்தையும் வாங்கியிருக்கும். சாலையோரப் பூவில் வண்டிப் புகை படிந்திருக்கும். தானா வளர்ந்தது எல்லாம் இயற்கை என்று பொட்டலம் போட்டுவிட முடியாது. நம் நிலத்தில் பறித்து, அலசி, நிழலில் காயவைத்தேன் என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் இந்தச் சந்தை. 'டீ' என்று போட்டால் அந்த வேலை அத்தனையும் ஒரு பெயருக்குள் மறைந்துவிடுகிறது.

'சர்க்கரை நோய் தீரும்' என்று அச்சடிக்கிற ஆசையையும் விட்டுவிடுங்கள். அது உணவு இல்லை, மருந்துக் கடை. அதற்கு உரிமம் தனி.

சரி, டீ இல்லாவிட்டால் என்ன பெயர்? 'ஊறல்' நல்ல பழைய சொல். ஆனால் சில ஊர்களில் அந்தப் பெயரில் பொட்டலம் போட்டால் மதுவிலக்குப் போலீஸ் வந்து நிற்கும்! 'துளசி இலை, வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்க' என்று நேராகவே எழுதலாம். கீழே பறித்த மாதமும், எத்தனை நிமிடம் ஊறணும் என்பதும். டீ என்று எழுதியிருந்த இடமே இதற்குப் போதும்.