பத்துக் கன்றுக் கணக்கும் கூவம் கரையும்



எங்கள் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவத்தின் கரைச் சரிவில் நின்ற மரங்கள் சில சென்ற கோடையில் வெட்டப்பட்டன. ஏன் என்று கேட்டால் வழக்கமான பதில்தான்: "ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம் சார்." நடவும் செய்தார்கள். ஆனால் கரைக்கு மேலே, நடைபாதை ஓரமாக, கம்பிக் கூண்டுக்குள். சரிவு மொட்டையாகக் கிடக்கிறது. இரவில் லாரியில் கட்டட இடிபாடு கொண்டுவந்து கொட்டுகிறவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. செய்தது யார் என்று எழுதப்போவதில்லை. கூவக் கரையில் முழத்துக்கு ஒரு துறை உண்டு. யாரைக் கேட்டாலும் பக்கத்துத் துறையைக் கைகாட்டுவார்கள். நான் எதிர்ப்பது அந்தப் பத்துக் கன்றுக் கணக்கை.

நிழலுக்கு அந்தக் கணக்கு ஒருவேளை என்றாவது ஒரு நாள் சரிப்படலாம். சரிவுக்குச் சரிப்படாது. கட்டுமான வேலைகளில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல இடம் தர வேண்டும்.

மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கான்கிரீட்டும் அப்படித்தான், அதனால்தான் உள்ளே கம்பி கட்டுகிறோம். சரிவில் அந்தக் கம்பி வேலையைப் பார்ப்பது வேர். சல்லி வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடிக்கின்றன. பருத்த வேர்கள் தளர்ந்த மேல்மண்ணை அடியில் உள்ள இறுகிய மண்ணோடு சேர்த்து வைக்கின்றன. இது போக, மரம் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி இலை வழியே வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஈரம் குறைந்த மண்ணுக்குப் பிடிப்பு அதிகம். ஆற்றங்கரை விஷயத்தில் இதை லேசாக எண்ணக் கூடாது. வெள்ளம் ஏறும்போது கரைக்கு ஆற்று நீரே முட்டுக்கொடுத்து நிற்கும். ஆபத்து வடியும்போதுதான். ஆறு சட்டென்று இறங்கிவிடும். கரைக்குள் ஊறிய நீர் அவ்வளவு வேகமாக இறங்காது. முட்டும் போய், ஊறலும் மிஞ்சி, கரை அப்படியே ஆற்றுக்குள் உட்காரும். 2015 டிசம்பரில் கூவம் ஏறி இறங்கியதைப் பார்த்த பேட்டைக்காரர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

மரத்தை வெட்டிய அன்றே கரை சரிந்துவிடாது. அடிக்கட்டை நிற்கும், வேரும் மண்ணுக்குள் இருக்கும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உயிர் போன வேர் மெல்ல மக்கும். நியூசிலாந்திலும் அமெரிக்காவின் மேற்குக் கரையோர மலைகளிலும் மரம் வெட்டிய சரிவுகளை ஆராய்ந்தவர்கள் இதை அளந்தே சொல்லியிருக்கிறார்கள்: வெட்டிய சில ஆண்டுகளில் பழைய வேரின் பலம் பெரும்பாலும் போய்விடுகிறது, புது மரத்தின் வேர் அந்த இடத்தை நிரப்பப் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஆகிறது. நடுவில் உள்ள காலத்தில் சரிவைப் பிடிக்க ஆளில்லை. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கறையானுக்கும் வேர் இன்னும் சீக்கிரம் மக்கும் என்றே நினைக்கிறேன். பத்துக்குப் பதில் நூறு கன்று நட்டாலும் இந்த இடைவெளி குறையாது. சமதளத்தில் கூண்டுக்குள் நட்டால் சரிவுக்கு எந்தக் காலத்திலும் பயனில்லை. கரை சரிகிற வருஷம் உத்தரவு போட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார். பழி மழைமேல் விழும்.

மரம் இருந்தால் நிலச்சரிவே வராது என்று சொல்கிறவன் அல்ல நான். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் மூடிய சரிவு, மேலே காட்டுப் பகுதியிலிருந்துதான் கிளம்பியது. பல மீட்டர் ஆழத்தில் மண் வழுக்கினால் வேர் எட்டாது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் ஏழு பேரைப் பலிகொண்ட சரிவையும் வேரைப் பற்றி மட்டும் பேசி விளக்கிவிட முடியாது. தவறான இடத்தில் நிற்கும் பெரிய மரம் காற்றில் சாய்ந்து கரையையே பெயர்த்துக்கொண்டு போவதும் உண்டு. 2016 வர்தா புயலில் வேரோடு மல்லாந்து கிடந்த மரங்களை நகரமே பார்த்தது. ஆகவே ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்பது என் கட்சி அல்ல. ஆனால் கூவக் கரையில் நடப்பது மேலாகச் சில அடி மண் வழுக்குகிற சரிவு. வேரால் தடுக்க முடிந்தது அதுதான்.

இந்த விவரம் அரசுக்குத் தெரியாததா? 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்று அங்கே மலைச் சாலையோரச் சரிவுகளில் நெடுஞ்சாலைத் துறை எஃகுக் கம்பிகளை மண்ணுக்குள் துளைத்து இறக்கி, மேலே வலை விரித்து, புல் விதையைத் தண்ணீரோடு பீய்ச்சி முளைக்கவைக்கிறது. ஆழத்துக்குக் கம்பி, மேல்மண்ணுக்குப் புல்வேர். ஊட்டியில் வேருக்குச் செலவழிக்கிற அரசு, தலைநகரில் ஆற்றங்கரை வேரை ஓசியாகக் கிடைத்த விறகாகப் பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

கரையோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பியபோது சொன்ன காரணம் ஆற்றைக் காப்பது. வீடு போன இடத்தில் இப்போது இடிபாட்டுக் குவியல்! சரிவின் தலையில் பாரம் ஏற்றுவது, தூர்வாருகிறோம் என்று அடிவாரத்தைத் தோண்டுவது, நடுவில் மரத்தை வெட்டுவது: கரையைச் சாய்க்க ஒருவர் திட்டம் போட்டாலும் இதைவிட நன்றாகப் போட முடியாது. துறைமுகம்–மதுரவாயல் ஈரடுக்கு மேம்பாலச் சாலைக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. அதுவும் பெருமளவு கூவத்தை ஒட்டியே வருகிறது. இன்னும் பல காலம் கரையில் இயந்திரங்கள் இறங்கப்போகின்றன என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன்.

மரம் வெட்ட அனுமதி தரும் மாவட்டப் பசுமைக் குழு, எத்தனை மரம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது சரிவில் நிற்கிறதா, அதன் வேர் எதைப் பிடித்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். வெட்டியே தீர வேண்டுமானால், முதலில் அதே சரிவில் மாற்று வேர் ஊன்றட்டும். அதற்கு வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம். கடலூர்ப் பக்கம் பயிராகும் வெட்டிவேர் மூன்று மீட்டர் வரை இறங்கும், சாக்கடை நீருக்கும் அஞ்சாது. அதை வரிசையாக வைத்து, இடையில் உப்பைத் தாங்கும் புங்கனையும் பூவரசையும் நடலாம். எங்கள் கரையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் இடிபாட்டை அகற்றியாக வேண்டும். மிச்சமிருக்கும் அடிக்கட்டைகளை மட்டும் அழகுக்காகப் பொக்லைன் விட்டுப் பிடுங்கிவிடாதீர்கள். புது வேர் ஊன்றும்வரை இரண்டொரு மழைக்காலம் கரையைப் பிடிக்க அந்தச் செத்த வேருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்சீயர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை – 2