மலிவு என்ற சொல்லின் விலை

குடிநீரில் கலந்துள்ள நச்சுப்பொருள்களைக் கண்டறியும் மின்வேதியியல் உணரிகளைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளில் 'மலிவானது' என்பது ஏறக்குறையக் கட்டாய அடைமொழியாகிவிட்டது. அச்சொல் பெரும்பாலும் அச்சிட்ட மின்முனை ஒன்றின் விலையை மட்டுமே சுட்டுகிறது. நம்பத்தகுந்த ஒரு விடையைப் பெற ஆகும் செலவு அதில் அடங்குவதில்லை.

மேற்கு வங்கத்தின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது 1983 முதல் அறியப்பட்ட செய்தி. அங்கு ஓர் அடிகுழாயின் நீர் வரம்புக்குள் இருக்க, சில பத்து மீட்டர் தள்ளியுள்ள மற்றொன்றின் நீர் வரம்பைப் பலமடங்கு மீறியிருக்கக்கூடும். எனவே ஊருக்கு ஒரு மாதிரி போதாது. ஒவ்வொரு குழாயையும் சோதித்தாக வேண்டும். மலிவான உணரிக்கான தேவை உண்மையானது என்பதில் ஐயமில்லை.

குருதிச் சர்க்கரையை வீட்டிலேயே அளக்கும் கருவி இத்துறையினர் விரும்பிக் காட்டும் முன்மாதிரி. ஆனால் குருதியில் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் உள்ளது. ஆர்சனிக்கிற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்துள்ள வரம்போ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது அதில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. மேலும், சர்க்கரையைத் தேர்ந்து பற்றும் நொதி அக்கருவிக்குத் துணை நிற்கிறது. அத்தகைய துணை இங்கு எளிதில் வாய்ப்பதில்லை.

தங்க மின்முனையில் ஆர்சனிக்கைப் படியவைத்து, மீண்டும் கரைத்தெடுக்கையில் எழும் மின்னோட்டத்தை அளப்பதே பரவலான முறை. ஆய்வகக் கரைசலில் இது வரம்பினும் குறைந்த அளவைக் காட்டிவிடுகிறது. கிணற்று நீர் அவ்வாறு இணங்குவதில்லை. செம்பு இருப்பின் அதுவும் தங்கத்தில் படிந்து அளவீட்டைக் குழப்பும். +5 நிலையிலுள்ள ஆர்சனிக், முன்னதாக +3 நிலைக்கு ஒடுக்கப்படாவிடில், பெரும்பாலும் கணக்கில் வராது. இரும்பு மிகுந்த நீர் காற்றுப்பட்டதும் செம்பழுப்பாய்க் கலங்கி, வீழ்படிவோடு ஆர்சனிக்கின் ஒரு பகுதியையும் இழுத்துச் சென்றுவிடும். பின்னிரண்டு பிழைகளும் ஒரே திசையில் சாய்பவை. நஞ்சைக் குறைத்துக் காட்டுபவை. நிறமும் சுவையும் மணமும் இல்லாத ஒரு நஞ்சைப் பொறுத்தவரை, 'பாதுகாப்பானது' என்ற தவறான விடை சோதிக்காமல் விடுவதினும் தீயது. அது ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் அதே குழாயிடம் அனுப்பிவைக்கும்.

இவையெல்லாம் பொறியாளரின் வேலை, முனைவர் பட்ட ஆய்வாளரின் வேலையன்று எனச் சிலர் வாதிடலாம். புதிய நானோபொருளுக்குக் கிடைக்கும் மதிப்பு பழைய மின்முனையைக் களத்தில் சோதிப்பவருக்குக் கிடைப்பதில்லை என்பதும் மெய்யே. ஆயினும் 'மலிவு', 'களப்பயன்பாடு' என்ற சொற்களைத் தலைப்பில் வைக்கும் ஆய்வு, அவற்றுக்குரிய சான்றையும் தர வேண்டும். மின்முனை எத்தனை வாரம் தாங்கும்? வரம்பை மீறிய கிணறுகளில் எத்தனையை அது பாதுகாப்பானவை என்று சொன்னது? அளவுத்திருத்தம், வேதிப்பொருள், சோதிப்பவரின் கூலி ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு கிணற்றுக்கு என்ன செலவாகிறது? வாய்மொழித் தேர்விலும் மதிப்பாய்விலும் இம்மூன்று வினாக்களும் தவறாது எழுப்பப்பட வேண்டும். விடை இல்லாதபோது, தலைப்பிலிருந்து அச்சொற்களை நீக்கிவிடுவதே நேர்மை.