மூணாறு கற்பித்த பாடம்

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்தனர். 20 சதவீத போனசை நிர்வாகம் 10 சதவீதமாகக் குறைத்ததே உடனடிக் காரணம். அன்று அவர்களது நாட்கூலி 232 ரூபாய். பெரும்பாலோர் தலைமுறைகளாக லயங்களில் வாழும் தமிழர்கள்.

‘பொம்பிளை ஒருமை’ நிர்வாகத்தை மட்டும் சாடவில்லை. சங்கத் தலைவர்கள் முதலாளியிடம் சலுகை பெறுகின்றனர் என்றும் குற்றம்சாட்டியது. ஐஎன்டியுசி, ஏஐடியுசி, சிஐடியு என வேறுபாடு பார்க்கவில்லை. இதை அரசியல் வெறுப்பு என்று ஒதுக்குவது தவறு. தங்களோடு அமர்ந்த தோழர் வி.எஸ். அச்சுதானந்தனை அதே பெண்கள் ஏற்றுக்கொண்டனர். ஒன்பது நாள் போராட்டத்தில் 20 சதவீதத்தையும் மீட்டனர்.

தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தபோது, பெருமுதலாளிகளின் பணம் கட்சிகளுக்குப் பாய்ந்த வழியை நாடு கண்டது. கொழுந்து பறிப்பவருக்கோ ஊழல் இன்னும் அருகில் இருக்கிறது: தன்னைக் கேட்காமல் தன் பெயரில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் அது. முன்னதை எதிர்க்கும் தகுதி, பின்னதைத் தன் வீட்டில் அனுமதிக்காத இயக்கத்திற்கே உண்டு.

மூணாறு முதல் நெல்லியாம்பதி வரை, ஒப்பந்த வரைவும் சங்கக் கணக்கும் தொழிலாளர் முன் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அமர வேண்டும். நம்பிக்கையைக் கோரிப் பெற முடியாது. கணக்குக் காட்டியே பெற முடியும்.