முதலில் ஊசியைப் பாருங்கள்

பழைய டர்ன்டேபிள் வாங்கப் போகிறவர்கள் பலரும் மரப்பெட்டியின் பளபளப்பில் மயங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது ஊசியை. தேய்ந்த ஊசி பாட்டைக் கெடுப்பதோடு நிற்காது, இசைத்தட்டின் பள்ளத்தையே சுரண்டிவிடும்; பிறகு எவ்வளவு நல்ல கருவியில் போட்டாலும் அந்தக் கரகரப்பு போகாது. அப்பா வாங்கிவைத்த இளையராஜா எல்.பி. ஒன்றை அப்படித்தான் பறிகொடுத்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. அந்த மாடலுக்குப் புது ஊசி கிடைக்கிறதா என்று விசாரித்து, அதன் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். நன்றாகக் கேட்டுப் பழகிய நாகஸ்வரத் தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள் (உயிராக வைத்திருக்கும் தட்டு வேண்டாம்). 33⅓ வேகத்தில் ஓடவிடுங்கள். நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை அலைபாய்ந்தால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும். அது சின்னச் செலவு. ஊசியைத் தாங்கும் கை அதன் அச்சில் லொடலொடவென்று ஆடினால் மட்டும் வாங்காமல் திரும்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நேரே ஸ்பீக்கரில் இணைத்துவிட்டு, சத்தம் கொசு ரீங்காரம்போல் மெலிந்து கேட்கிறதே என்று பதற வேண்டாம். பெரும்பாலான பழைய டர்ன்டேபிள்களுக்கு நடுவில் போனோ ப்ரீஆம்ப் என்ற சின்னப் பெட்டி வேண்டும். அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கிவையுங்கள்.