பூட்டை மாற்றும் முன்

தஞ்சோங் ரம்புத்தானில் எனக்கு ஒரு சிறிய வரிசை வீடு உண்டு. அதன் வாடகையில்தான் வங்கித் தவணை ஓடுகிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. குடியிருந்த இளைஞருக்கு வேலை போனது. நான்கு மாத வாடகை, 2,400 வெள்ளி, நின்றுபோனது.

அந்த அக்டோபரில் அமலுக்கு வந்த 829-ஆவது சட்டம், மார்ச் 18 முதல் ஆகஸ்டு 31 வரையிலான பாக்கிக்காக வாடகைக்காரரின் பொருள்களை ஜப்தி செய்ய முடியாது என்றது. பாக்கியைத் தள்ளுபடி செய்யவில்லை.

“ஆளில்லாத நேரம் பார்த்துப் பூட்டை மாத்திடுங்க” என்றார் நண்பர். எனக்கும் ஆசைதான். ஆனால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றினால் வழக்கு நம் மீதே திரும்பும். வங்கியும் ஏப்ரல் முதல் ஆறு மாதம் என் தவணையை ஒத்திவைத்திருந்தது. எனக்குக் கிடைத்த அவகாசத்தை நான் அவருக்குத் தரக்கூடாதா?

உட்கார்ந்து பேசினோம். மாதவாரியாகக் கணக்கெழுதி இருவரும் கையெழுத்திட்டோம். நவம்பரிலிருந்து வாடகையோடு கூடுதலாக 200 வெள்ளி.

வீடு வாடகைக்கு விடுவோரே, ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். முத்திரை வரி கட்டுங்கள். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பணம் வாங்கினால் ரசீது கொடுங்கள். பாக்கி விழுந்தால் முதலில் பேச்சு, பிறகு அறிவிப்புக் கடிதம், கடைசியாகவே நீதிமன்றம்.

மறு ஆண்டு தீபாவளிக்கு முன் கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டு, “கணக்கு முடிஞ்சதுண்ணே” என்றார். பழைய பூட்டே இன்னும் தொங்குகிறது.